'வேகமா இருக்கணும்'னு மட்டும் எழுதாதே, தங்கச்சி!

பெரிய சாஃப்ட்வேருக்கு ரிக்வயர்மென்ட் எழுதப் போறியா? முதல்ல வார்ஸாவுல நடந்ததைக் கேட்டுக்கோ.

1993 செப்டம்பர் 14. லுஃப்தான்ஸாவோட ஏ320 விமானம் மழையில இறங்குது. எஞ்சின் காத்தை முன்னாடி திருப்பி வேகத்தைக் குறைக்கிற ரிவர்ஸ் த்ரஸ்ட் தரையில மட்டும்தான் வேலை செய்யணும், பறக்கும்போது செஞ்சா ஆபத்து. நியாயமான தேவைதான். ஆனா தரைக்கு வந்தாச்சுன்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? ரெண்டு பக்கச் சக்கரக் கால்களும் எடையில அழுந்தணும். வேகத்தைக் குறைக்க இறக்கை மேல இருக்கிற ஸ்பாய்லர் விரியறதுக்கு அது நடக்கணும், இல்லேன்னா சக்கரம் வேகமா சுத்தணும். அன்னிக்குப் பக்கக்காத்தை எதிர்பார்த்து விமானத்தைச் சாய்ச்சு இறக்கினாங்க. வலது கால் பட்டு சுமார் 9 செகண்ட் கழிச்சுதான் இடது கால் பட்டுது. தேங்கின தண்ணியில சக்கரமும் சரியா சுத்தல. அதனால ஸ்பாய்லரும் ரிவர்ஸ் த்ரஸ்டும் தாமதமாத்தான் வேலை செஞ்சுது. ஓடுபாதை போதாம மண்மேட்டுல மோதி 2 பேர் இறந்துட்டாங்க. பின்காத்து, இறங்கின வேகம்னு வேற காரணங்களும் உண்டு. ஆனா சாஃப்ட்வேர், எழுதிக் கொடுத்ததை அப்படியேதான் செஞ்சுது.

அதனால ஒவ்வொரு தேவைக்குப் பக்கத்துலயும் 'எதை நம்பி இதை எழுதினோம்'னு ஒரு குறிப்பு போடு. அந்த நம்பிக்கை எப்போ பொய்யாகும்னு, தினமும் அந்த வேலையைச் செய்யறவங்ககிட்ட கேளு. மேனேஜரோட மீட்டிங் போட்டா மட்டும் பத்தாது. கவுன்ட்டர்ல இருக்கிறவங்க பக்கத்துல அரை நாள் உட்காரு. சர்வர் படுத்தா அவங்க எந்த நோட்டுல எழுதறாங்கன்னு பாரு, பல தேவைகள் அந்த நோட்டுலதான் இருக்கும்.

பழைய ப்ரோக்ராமை எடுத்து மறுபடி பயன்படுத்தறீங்கன்னா அந்தக் குறிப்பை இன்னும் கவனமா படி. ஏரியன் 4 ராக்கெட்டோட வேகத்தை நம்பி எழுதின ப்ரோக்ராமை ஏரியன் 5-ல வெச்சாங்க. 1996 ஜூன் 4 அன்னிக்கு அந்த நம்பிக்கை பொய்யாகி, கிளம்பின 40 செகண்டுக்குள்ள ராக்கெட் சிதறிடுச்சு. வேதனை என்னன்னா, பிழை வந்த அந்தப் பகுதி, ராக்கெட் கிளம்பினப்புறம் ஏரியன் 5-க்குத் தேவையே இல்லை.

'வேகமா', 'ஈஸியா'ன்னு யாராவது சொன்னா எண் கேளு. 'ஒரே நேரத்துல 1000 பேர் தேடினாலும் 2 செகண்டுல விடை வரணும்'னு எழுதினாத்தான் டெஸ்ட் பண்ண முடியும். எழுதின அன்னிக்கே டெஸ்டர்கிட்ட காட்டு. 'இதை எப்படிச் சோதிப்பேன்?'னு அவர் கேட்டா, திருத்தி எழுது.

அப்புறம், ஃபோன்ல சொல்ற மாற்றம். அன்னிக்கே மெயில்ல எழுதி, நம்பர் போட்டு, யார் கேட்டாங்க, ஏன் கேட்டாங்கன்னு சேர்த்துடு. 'ஏன்'ங்கிறதை மட்டும் விட்டுடாதேடா. ரெண்டு வருஷம் கழிச்சு அதை நீக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றவங்க கையில வேற எதுவும் இருக்காது.