மங்கிய விண்மீன் மண்டலங்களும் குளிர்ந்த தொலைநோக்கியும்

நெடுந்தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் ஒளி நம்மை வந்தடைவதற்குள் பிரபஞ்சம் பன்மடங்கு விரிந்துவிடுகிறது. ஒளியின் அலைநீளமும் அதே அளவுக்கு நீண்டுவிடுகிறது. 2024-ல் அறிவிக்கப்பட்ட ஒரு மண்டலம், பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டுகள்கூட நிரம்பாத காலத்தைச் சேர்ந்தது. அதன் ஒளி ஏறத்தாழ 15 மடங்கு நீண்டுள்ளது. 0.12 மைக்ரான் அலைநீளத்தில் புறப்பட்ட புறஊதாக் கதிர், 1.8 மைக்ரான் அகச்சிவப்புக் கதிராக வந்து சேருகிறது. நம் கண் காணக்கூடிய ஒளியோ சுமார் 0.7 மைக்ரானுடன் முடிந்துவிடுகிறது.

அகச்சிவப்பில் வானை நோக்குவதில் ஒரு விசித்திரமான இடர்ப்பாடு உண்டு. வெப்பமுள்ள பொருள்கள் யாவும் அக்கதிர்களை வெளியிடுகின்றன. நமது காற்று மண்டலமும் ஒளிர்கிறது, தொலைநோக்கியும் ஒளிர்கிறது. பட்டப்பகலில் மின்மினியைத் தேடுவது போன்ற நிலை இது. போதாக்குறைக்கு, காற்றிலுள்ள நீராவி இக்கதிர்களில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. எனவே தொலைநோக்கியை விண்ணுக்கு அனுப்புவது மட்டும் போதாது. அதைக் குளிர்விக்கவும் வேண்டும்.

1983 ஜனவரியில் செலுத்தப்பட்ட ‘ஐராஸ்’ துணைக்கோள் இதற்குத் திரவ ஹீலியத்தை எடுத்துச் சென்றது. பத்தே மாதங்களில் ஹீலியம் தீர்ந்தது, ஆய்வும் முடிந்தது. 2021 டிசம்பர் 25-ல் செலுத்தப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் நிழலே முதன்மையான குளிர்சாதனம். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், டென்னிஸ் மைதான அளவுள்ள ஐந்தடுக்குத் திரை வெயிலைத் தடுக்கிறது. திரையின் வெயில் பக்கம் சுமார் 85 டிகிரி சென்டிகிரேடு. நிழல் பக்கம் பூஜ்யத்துக்குக் கீழே 233 டிகிரி. நீண்ட அலைகளை நோக்கும் கருவிக்கு மட்டும் தனியாக ஹீலியக் குளிர்விப்பான் உண்டு. அதில் வாயு திரும்பத் திரும்பச் சுழல்வதால் தீர்ந்துபோவதில்லை. பொன்முலாம் பூசிய 18 கண்ணாடிகள் இணைந்து 6.5 மீட்டர் அகலத்தில் ஒளியைத் திரட்டுகின்றன.

அமெரிக்க, ஐரோப்பிய, கனடிய விண்வெளி நிறுவனங்கள் கூடி அமைத்த இத்தொலைநோக்கியில் நமக்குப் பங்கில்லை. ஆயினும் அதன் பதிவுகள் பெரும்பாலும் ஓராண்டுக்குள் எல்லோருக்கும் திறந்துவிடப்படுகின்றன. இவ்வாறு பொதுவில் கிடைத்த படங்களை ஆராய்ந்தே, புனேயிலுள்ள தேசிய வானொலி வானியற்பியல் மையத்தின் ராஷி ஜெயின், யோகேஷ் வாடதேகர் ஆகியோர் ஒரு சுருள் மண்டலத்தைக் கண்டறிந்தனர். 2025-ல் அது வெளியிடப்பட்டது. இமயத்து நதியின் பெயரால் அதற்கு ‘அலகநந்தா’ என்று பெயரிட்டுள்ளனர். இடையிலுள்ள ஏபெல் 2744 என்னும் மாபெரும் மண்டலக் கூட்டத்தின் ஈர்ப்பு, உருப்பெருக்கும் கண்ணாடிபோல் அதன் ஒளியைப் பெருக்கித் தந்தது. கருவியை விடப் பயிற்சி பெற்ற கண்களே இங்கு நமது மூலதனம் எனலாம்.

பிரபஞ்சத்துக்கு 150 கோடி வயதே ஆகியிருந்த காலத்து மண்டலம் அது. ஒழுங்கான தட்டும் சுருள் கரங்களும் உருவாக இன்னும் நெடுங்காலம் பிடிக்கும் என்றே பலர் எண்ணியிருந்தனர். அதன் தட்டு அமைதியாகச் சுழல்கிறதா, கொந்தளிப்புடன் சுழல்கிறதா என்பதை அளந்தால், அக்கரங்கள் தோன்றிய விதம் புலப்படும்.