உறைந்த ஓடையோரம்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ராக்கி மலைத்தொடரில், பான்ஃப் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. அங்கே ஜான்ஸ்டன் என்னும் ஓடை, சுண்ணாம்புப் பாறையை அரித்து ஆழமான பள்ளத்தாக்கை உருவாக்கியுள்ளது. ஓடையை ஒட்டிய பாதையில் ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர் நடந்தால் கீழ் அருவியையும், 2.5 கிலோமீட்டர் நடந்தால் மேல் அருவியையும் அடையலாம். குளிர்காலத்தில் இவ்வருவிகள் உறைந்து, நீலம் கலந்த பனிக்கட்டித் திரைகளாகத் தொங்கும். அந்த அழகையும் அமைதியையும் நாடி, மாலை வேளையில் தனியே நடப்பவர்களும் உண்டு.

ஓடை முழுவதும் உறைந்திருப்பதைக் கண்டதும், பாதையை விட்டு அதன்மேல் இறங்கி நடக்க ஆசை எழும். ஆனால், உறைந்த ஓடை ஒரே சீரான தளமன்று. நீர் மெதுவாக நகரும் கரையோரத்தில்தான் பனிக்கட்டி முதலில் படரும். பாறைகளுக்கிடையே நீர் விரைந்தோடும் இடங்களில் அது மெல்லியதாகவே இருக்கும். மேற்பரப்பு உறைந்த பிறகு நீர்மட்டம் குறைந்தால், பனிக்கட்டிக்குக் கீழே வெற்றிடம் உண்டாகும். அப்போது அதைத் தாங்குவதற்கு அடியில் நீர்கூட இராது. அதன்மேல் பொழியும் வெண்பனியோ போர்வையைப் போன்றது. அது குளிரைத் தடுத்து, பனிக்கட்டி மேலும் தடிக்காமல் செய்துவிடும், விரிசல்களையும் மறைத்துவிடும். எனவே, வெண்மையாகத் தோன்றும் இடமெல்லாம் உறுதியான இடமாகாது.

பனிக்கட்டி உடைந்து கால் நீரில் அமிழ்ந்தால், ஓடை ஆழமற்றதாக இருந்தாலும் ஆபத்துதான். காற்றைவிட நீர் ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கடத்துகிறது. ஈரமான காலுறையும் காலணியும் பாதத்தை விரைவில் மரத்துப்போகச் செய்யும். பருத்தி ஆடை நனைந்தால் வெப்பத்தைக் காக்காது. கம்பளி ஆடை நனைந்தாலும் ஓரளவு காக்கும். இதனால்தான் அனுபவமிக்கவர்கள் கம்பளிக் காலுறை அணிவதோடு, மாற்றுக் காலுறை ஒன்றையும் பையில் வைத்துக்கொள்கிறார்கள்.

மாலைப்பொழுது மற்றொரு சவாலாகும். டிசம்பர் மாத இறுதியில் அங்கு மாலை 5 மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடும். உயர்ந்த பாறைச் சுவர்களுக்கு நடுவே வெளிச்சம் அதற்கும் முன்பே மங்கும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தாக்கின் அடியில் தங்கும். கடுங்குளிரில் கைத்தொலைபேசியின் மின்கலமும் விரைவில் தளரும். ஆகவே, அதை உள்சட்டைப் பையில் வைப்பது நல்லது. தலைவிளக்கும், வழுக்காமலிருக்கக் காலணியின் அடியில் மாட்டும் இரும்பு முட்களும் இன்றியமையாதவை.

குழுவாகச் செல்லும்போது, “போதும், திரும்பலாம்” என்று சொல்ல எவரேனும் இருப்பர். தனியே செல்பவருக்கு அக்குரல் இல்லை. ஆகவே, அம்முடிவை வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே எடுக்க வேண்டும். பிற்பகல் 3 மணிக்கு நடக்கத் தொடங்குபவர், 4 மணிக்கு எந்த இடத்தில் இருந்தாலும் திரும்புவதென உறுதி செய்துகொள்ளலாம். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் நம்பிக்கையான ஒருவரிடம் தெரிவிக்கலாம். மேல் அருவி அடுத்த வளைவில்தான் இருக்கிறது என்று தெரிந்தும், குறித்த நேரத்தில் திரும்பி நடப்பதற்கு மனவுறுதி தேவை. அந்த மனவுறுதி உள்ளவரே தனியே மலைக்குச் செல்லத் தகுதியானவர்.