அழுத்தப் பிரிப்பு: கிற்றார் விரியலாக்கியிலிருந்து பதிவுக் கருவிக்கு



அழுத்தப் பிரிப்புச் சூத்திரத்தை உங்களில் பெரும்பாலானோர் மனனம் செய்து வைத்திருக்கிறீர்கள். ஒரு மின்கலமும் இரண்டு தடையிகளும் தந்தால் விடை வந்துவிடும். வினா சற்று உருமாறி வந்தால் தடுமாறுகிறீர்கள். எனவே இம்முறை உண்மையான பிரயோகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் நண்பர்களுடன் சேர்ந்து இசைக்குழு நடத்தினார். சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் ஒரு பதிவுக் கருவி வாங்கினார்கள். கிற்றார் விரியலாக்கியின் ஒலிபெருக்கிப் பயப்பை அவர் நேரடியாக அதில் செருகினார். முதற் பாட்டு முடியுமுன்பே கருவி பழுதாகிவிட்டது. இதே வகைக் கணக்குக்கு மாதிரிப் பரீட்சையில் முழுப் புள்ளி பெற்றவர் அவர்! கணக்கு கொப்பியில் இருந்தது, கைக்கு வரவில்லை. உங்களுக்கு அப்படி நேரக் கூடாது.

1. பிரச்சினை என்ன?

50 உவாற்று வலுவுள்ள விரியலாக்கி ஒன்று 8 ஓம் ஒலிபெருக்கியை இயக்குகிறது எனக் கொள்வோம்.

வலு = அழுத்தத்தின் வர்க்கம் ÷ தடை
அழுத்தத்தின் வர்க்கம் = 50 × 8 = 400
அழுத்தம் = √400 = 20 வோல்ற்று
மின்னோட்டம் = 20 ÷ 8 = 2.5 அம்பியர்

இது ஆடலோட்டம். 20 வோல்ற்று என்பது அதன் பயன்படு பெறுமானமாகும். உச்சப் பெறுமானம் ஏறத்தாழ 28 வோல்ற்று.

பதிவுக் கருவியின் 'லைன்' பெய்ப்பு எதிர்பார்ப்பது மிகச் சிறிய அழுத்தம். ஒலிப்பதிவுத் தொழிலில் வழங்கும் நியம மட்டம் 1.23 வோல்ற்று, வீட்டுச் சாதனங்களில் 0.316 வோல்ற்று. ஆகவே 20 வோல்ற்றை ஏறத்தாழ 1 வோல்ற்றாகக் குறைக்க வேண்டும்.

2. சுற்று

1800 ஓம் தடையி 'அ', 100 ஓம் தடையி 'ஆ' ஆகிய இரண்டையும் தொடராக இணைத்து, அத்தொடரை ஒலிபெருக்கிக்குச் சமாந்தரமாக இணைக்க. 'ஆ' இன் இரு முனைகளிலிருந்தும் பதிவுக் கருவிக்குச் சைகையைப் பெறுக.

மொத்தத் தடை = 1800 + 100 = 1900 ஓம்
பயப்பு அழுத்தம் = 20 × 100 ÷ 1900 = 1.05 வோல்ற்று
தடையிகளினூடான மின்னோட்டம் = 20 ÷ 1900 = 0.0105 அம்பியர்

ஒலிபெருக்கியினூடாக 2.5 அம்பியர் பாயும்போது நமது தொடரினூடாகப் பாய்வது 10.5 மில்லியம்பியர் மட்டுமே. 8 ஓமும் 1900 ஓமும் சமாந்தரமாக இருக்கும்போது சமவலுத் தடை 7.97 ஓம். எனவே விரியலாக்கி மாற்றம் எதையும் உணராது.

'அ' இல் விரயமாகும் வலு ஏறத்தாழ 0.2 உவாற்று. விரியலாக்கியை மிகை ஒலியில் இயக்கினால் இது இரு மடங்காகலாம். ஆகவே 1 உவாற்றுத் தடையி பாதுகாப்பானது.

3. வேறு பெறுமானங்கள் ஏன் கூடாது?

பரீட்சகர் விரும்பிக் கேட்கக்கூடிய இடம் இதுவே. 18 ஓம், 1 ஓம் எடுத்தாலும் விகிதம் அதேதான்; விடையும் 1.05 வோல்ற்றுதான். ஆனால் தடையிகளினூடாக 1 அம்பியருக்கு மேல் பாயும். ஏறத்தாழ 21 உவாற்று வெப்பமாகும். சிறிய தடையிகள் எரிந்துவிடும்.

180 000 ஓம், 10 000 ஓம் எடுத்தால்? வெப்பம் இல்லை. ஆனால் பதிவுக் கருவியின் பெய்ப்புத் தடை 10 000 ஓம் எனின், அது 'ஆ' உடன் சமாந்தரமாகி 5000 ஓம் ஆகிவிடும். பயப்பு 20 × 5000 ÷ 185 000 = 0.54 வோல்ற்று. அதாவது பாதியாகிவிடும். நாம் எடுத்த 100 ஓமுடன் அதே 10 000 ஓம் சமாந்தரமானால் 99 ஓம், பயப்பு 1.04 வோல்ற்று. வித்தியாசம் மிகச் சொற்பம்.

நினைவிற் கொள்க: விகிதம் அழுத்தத்தைத் தீர்மானிக்கும், பெறுமானம் வெப்பத்தையும் சுமையின் விளைவையும் தீர்மானிக்கும்.

4. கவனிக்க!

• ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டுத் தடையிகளை மட்டும் இணைக்க வேண்டாம். வால்வு விரியலாக்கி சுமையின்றி இயங்கினால் அதன் பயப்பு நிலைமாற்றி பழுதடையலாம்.
• சில விரியலாக்கிகளில் ஒலிபெருக்கியின் இரு முனைகளில் எதுவும் புவியுடன் இணைக்கப்பட்டிருக்காது. அதில் ஒரு முனையைப் பதிவுக் கருவியின் புவி முனையுடன் இணைத்தால் குறுஞ்சுற்று ஏற்படும். இடையே தனிப்படுத்தும் நிலைமாற்றி ஒன்று தேவை. அது உள்ளே அமைந்த 'டி.ஐ. பெட்டி' கடைகளில் கிடைக்கும். ஒலிபெருக்கிப் பயப்புக்கு ஏற்றது எனக் குறிக்கப்பட்டதையே வாங்குக.
• வால்வு விரியலாக்கியின் உள்ளே பல நூறு வோல்ற்று உண்டு. மின்னை நிறுத்திய பின்னரும் கொள்ளளவிகளில் ஏற்றம் எஞ்சியிருக்கலாம். மூடியைத் திறக்க வேண்டாம்.
• 'லைன்' பயப்பு என எழுதிய துளை விரியலாக்கியிலேயே இருந்தால் அதையே பயன்படுத்துக.

5. பயிற்சி

(அ) 32 உவாற்று விரியலாக்கி 8 ஓம் ஒலிபெருக்கியை இயக்குகிறது. 1500 ஓம், 100 ஓம் தடையிகள் பயன்படுத்தப்பட்டால் பயப்பு அழுத்தம் யாது?
(ஆ) பகுதி 2 இன் சுற்றில் 1800 ஓமுக்குப் பதிலாக 6200 ஓம் இட்டால் பயப்பு யாது? அது எவ்வகைச் சாதனத்துக்குப் பொருந்தும்?
(இ) 100 உவாற்று விரியலாக்கி 4 ஓம் ஒலிபெருக்கியை இயக்குகிறது. "வலு இரு மடங்கு என்பதால் 1800 ஓமை மாற்ற வேண்டும்" என்கிறார் ஒரு மாணவர். இக்கூற்றுச் சரியா?

விடைகள்: (அ) √256 = 16 வோல்ற்று; பயப்பு 1 வோல்ற்று. (ஆ) 0.317 வோல்ற்று, வீட்டுச் சாதனம். (இ) பிழை. √400 = 20 வோல்ற்று; அழுத்தம் மாறவில்லை, மின்னோட்டமே 5 அம்பியராகக் கூடியுள்ளது.

(இ) இல் பிழைவிட்டவர்கள் பகுதி 1 ஐ மீண்டும் எழுதிப் பாருங்கள். வாசித்தால் போதாது, எழுத வேண்டும். செருகியைக் கையில் எடுக்குமுன் பேனாவை எடுப்பவருக்குப் பரீட்சையிலும் நட்டமில்லை, வீட்டிலும் நட்டமில்லை.