ஊரார்க்கு விளங்கும் அறிவிப்பு

பஞ்சாயத்தின் அறிவிப்பு ஊரார் அனைவர்க்கும் விளங்குதல் வேண்டும். விளங்காத அறிவிப்பால் வரி செலுத்தும் நாள் தவறுகிறது. மானியம் கோரி மனுச் செய்யும் தவணையும் கடந்துவிடுகிறது. ஆதலின், எழுதியதை ஒட்டுவதற்கு முன் அதன் எளிமையை அளந்து பார்த்தல் அங்கத்தினர்களின் கடமையாகும்.

இதற்கு முறைகள் உண்டு. அமெரிக்காவில் ருடால்ஃப் ஃபிளெஷ் என்பவர் 1948இல் ஒரு கணக்கை வெளியிட்டார். வாக்கியத்திற்குச் சராசரி எத்தனை சொற்கள், சொல்லுக்கு எத்தனை அசைகள் என எண்ணுவதே அது. ஆனால் அஃது ஆங்கிலத்திற்கென அமைந்தது. தமிழிலோ உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டி நிற்கும். 'வீட்டிலிருந்தவர்களுக்கு' என்பது நீண்ட சொல். எனினும் யாவர்க்கும் விளங்கும். 'நிலுவை' மூன்றே எழுத்து. எனினும் சிலரைத் தயங்க வைக்கும். ஆகவே நாம் வாக்கியத்தின் நீளத்தை எண்ணுவோம்; சொல்லின் நீளத்தை விடுத்து அதன் பழக்கத்தை நோக்குவோம்.

கீழ்க்காணும் அறிவிப்பைப் பாருங்கள்:

"மேற்படி ஊராட்சி எல்லைக்குட்பட்ட குடிநீர்க் குழாய் இணைப்புதாரர்கள் யாவரும் நிலுவைக் கட்டணத்தை இம்மாதம் 25ஆம் தேதிக்குள் செலுத்தத் தவறும் பட்சத்தில் இணைப்பு துண்டிக்கப்படும் என்பது இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது."

இஃது 20 சொற்கள் கொண்ட ஒரே வாக்கியம். பணத்தை எங்கே கட்டுவது என்பதோ இதில் இல்லை. இதனையே இவ்வாறு எழுதலாம்:

"குடிநீர்க் குழாய் இணைப்புடையோர் கவனிக்க. பாக்கிக் கட்டணத்தை இம்மாதம் 25ஆம் தேதிக்குள் ஊராட்சி அலுவலகத்தில் செலுத்துங்கள். தவறினால் குழாய் இணைப்பு துண்டிக்கப்படும்."

எந்த வாக்கியமும் 8 சொற்களுக்கு மேற்படவில்லை. பணம் கட்டும் இடமும் சேர்ந்துவிட்டது.

நீண்ட அறிக்கைகளுக்கு வேறொரு சோதனை உண்டு. 1953இல் வில்சன் டெய்லர் என்னும் அமெரிக்கர் வகுத்த இம்முறை தமிழுக்கும் ஏற்றது. ஒவ்வோர் ஐந்தாவது சொல்லையும் நீக்கி, அங்கே கோடிட்டு இடம் விடுங்கள். அறிக்கையை முன்னர்ப் படித்திராத ஒருவரை அவ்விடங்களை நிரப்பச் சொல்லுங்கள். பாதியையேனும் அவரால் நிரப்ப இயலாவிடில், அறிக்கையைத் திருத்தி எழுதுங்கள்.

எழுதப் படிக்க அறியாதாரும் ஊரில் உளர். அவர்களுள் ஒருவருக்கு அறிவிப்பை ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுங்கள். பின்னர் நான்கு வினாக்களைக் கேளுங்கள்: யாருக்கு? என்ன செய்ய வேண்டும்? எந்த நாளுக்குள்? எங்கே? எந்த வினாவிற்கு விடை வரவில்லையோ, அந்தப் பகுதியை மாற்றி எழுதுங்கள்.

அடுத்த கிராம சபைக்கான அறிவிப்பிலேயே இச்சோதனையைத் தொடங்கலாம். பொருள் விளங்கினால்தான் மக்கள் சபைக்கு ஆயத்தமாய் வந்து தம் கருத்தைக் கூறுவர்.