ஒரே இரும்பு, மூன்று முத்திரை

அன்புள்ள நண்பருக்கு,

வீடு ஸ்ரீரங்கம், பட்டறை துவாக்குடி என்று எழுதியிருக்கிறீர்கள். சத்திரம் பேருந்து நிலையத்து நெரிசலில் நின்றபடி எழுதினீர்களோ என்னவோ, கடிதத்தில் அவ்வளவு சூடு. “அதே குழாய், அதே வெல்டர். ராய்ப்பூருக்குப் போனால் ஐ.பி.ஆர்., அமெரிக்கக்காரன் கேட்டால் ஏ.எஸ்.எம்.இ., ஐரோப்பாவுக்கு சி.இ. முத்திரை. ஒரு தடவை சோதித்தால் போதாதா? நம்மை உள்ளே விடக் கூடாது என்று போட்ட வேலிதானே இதெல்லாம்?” என்று கேட்கிறீர்கள்.

உங்கள் கோபத்தில் பாதி நியாயம். எந்தப் பாதி என்று சொல்லக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

1863-இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பலர் செத்தார்கள். மறு ஆண்டே வங்காளத்தில் கொதிகலன்களைச் சோதிக்கச் சட்டம் வந்தது. பிறகு மற்ற மாகாணங்களும் தங்கள் பங்குக்கு ஆளுக்கொன்று போட்டன. கடைசியில் ஏழு சட்டங்கள், அவற்றுக்கு ஏழு விதித் தொகுப்புகள், ஒன்றுக்கொன்று ஒட்டாது. ஒரு மாகாணத்தில் செய்து ஓட்டிய கொதிகலனை அடுத்த மாகாணத்தில் ஓட்ட முடியாது. எல்லையைத் தாண்டியதும் இரும்பு இளகிவிடுமா என்ன? தயாரித்தவரும் வாங்கியவரும் புலம்பிய பிறகு 1920-இல் ஒரு குழு போட்டார்கள். 1923-இல் நாடு முழுவதற்குமான சட்டம் நிறைவேறி, 1924 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்போதும் தொழில்நுட்ப விதி எழுதும் அதிகாரம் மாகாணங்களின் கையில்தான். அதை வாங்கிக்கொள்ள 1937-இல் மத்திய கொதிகலன் வாரியம் வர வேண்டியிருந்தது. 1950-இல் வந்தது இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகள், அதாவது நீங்கள் தினமும் திட்டுகிற ஐ.பி.ஆர். கல்கத்தாவில் வெடித்ததிலிருந்து கணக்குப் போட்டால் 87 வருஷம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1905-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் பிராக்டனில் ஒரு செருப்பு ஆலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தார்கள். இரண்டு வருஷத்தில் அந்த மாநிலம் விதி வகுத்தது. மற்ற மாநிலங்கள் வேறு வேறாக வகுத்தன. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ. பொது விதித் தொகுப்பு ஒன்றை எழுதியது. 1919-இல் மாநில ஆய்வாளர்கள் ஒன்றுகூடித் தேசிய வாரியம் அமைத்தார்கள். ஐரோப்பாவில் ஜெர்மன்காரனுக்கு ஒரு விதி, பிரெஞ்சுக்காரனுக்கு ஒன்று, பிரிட்டிஷ்காரனுக்கு ஒன்று என்று நெடுநாள் ஓடியது. அழுத்தக் கலன்களுக்கான பொது விதி அங்கே முழுமையாகக் கட்டாயமானது 2002 மே மாதத்தில்தான். நாம் 1924-இல் தொடங்கிய வேலை! இந்த ஒரு விஷயத்தில் நாம் கொஞ்சம் மீசை முறுக்கிக்கொள்ளலாம்.

ஆக, பொதுச் சந்தை என்பது சோதனையை எடுத்துவிட்டதால் வந்ததல்ல. ஒருவர் செய்த சோதனையை இன்னொருவர் ஏற்றுக்கொண்டதால் வந்தது. திருச்சியில் ஆய்வாளர் கையெழுத்திட்ட உற்பத்திச் சான்றை ராய்ப்பூர் ஆய்வாளர் ஏற்கிறார். 1965-இல் செக்கோஸ்லோவாக்கிய ஒத்துழைப்போடு திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை வந்தபோது இந்த ஏற்பு இல்லாதிருந்தால், இந்த ஊர்க் கொதிகலன் நாடு முழுக்கப் போயிருக்குமா? பெல் வளராமல் துவாக்குடிப் பட்டறைகள் ஏது? 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து சோதனைச் சாவடிகள் போனதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அது வரிச் சுவர். தரச் சுவர் இடிந்தது அதற்கு வெகு முன்பு, சத்தமில்லாமல்.

சோதனையே வேண்டாம் என்கிறவர்களிடம் நான் பேசுவதில்லை. 2020 மே, ஜூலை இரண்டு மாதங்களிலும் நெய்வேலியில் கொதிகலன் விபத்தில் தொழிலாளர்கள் இறந்தார்கள். திருச்சிக்காரருக்கு அது தூரத்துச் செய்தியல்ல. 1923 சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் வந்த புதிய சட்டம் சின்னத் தவறுகளைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்து, பண அபராதத்தோடு நிறுத்தியது. உயிருக்கு உலை வைக்கக்கூடிய நான்கு குற்றங்களுக்கு மட்டும் கிரிமினல் தண்டனையை அப்படியே வைத்திருக்கிறது. சரியான கோடு என்றே நினைக்கிறேன்.

நீங்கள் ரொம்ப எரிச்சல்பட்டது ஹீட் நம்பர் விஷயத்தில். தகட்டில் ஆலை பொறித்த எண் இருக்கும் மூலையை வெல்டர் வெட்டியெடுத்துவிட்டார். மீதித் தகட்டுக்கு எண்ணை மாற்றிக் குத்தவில்லை. இன்ஸ்பெக்டர் அதைத் தொட மறுத்துவிட்டார். “இரும்பு அதேதானே சார்” என்றீர்களாம். அதேதான். உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஆனால் பத்து வருஷம் கழித்து எங்கோ ஒரு சர்க்கரை ஆலையில் அந்தத் தகட்டின் வெல்டிங் தையல் பிளந்தால், அந்த இரும்பு எந்த உருக்கில் வந்தது, என்ன கலவை, யார் சோதித்தார் என்று பின்னோக்கிப் போக அந்த எண் ஒன்றுதான் வழி. வெட்டும் முன் எண்ணைப் பக்கத்தில் மாற்றிக் குத்துவதும், மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுப்பதும் சடங்கு அல்ல. இந்த இடத்தில் நான் இன்ஸ்பெக்டர் கட்சி.

உங்கள் கட்சிக்கு வருவது இங்கே: ஐ.பி.ஆர். ஆய்வாளர் நின்று பார்த்த அதே ஹைட்ரோ டெஸ்ட்டை (நீரழுத்தச் சோதனை), அதே எக்ஸ்ரே படத்தை, ஐரோப்பா ஏற்காது. அவர்கள் அங்கீகரித்த அமைப்பின் ஆள் வந்து மறுபடி பார்க்க வேண்டும். பெரிய ஆலைக்கு இது உறைக்காது. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு ஆர்டரின் லாபமே ஆய்வுக் கட்டணத்தில் போய்விடும். இது பாதுகாப்பு அல்ல, பழைய ஏழு மாகாணப் புத்தி. பிரிட்டனைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகி, 2021-இல் சி.இ.க்குப் பதிலாகத் தனி முத்திரை என்று ஆர்ப்பாட்டமாகக் கொண்டுவந்தார்கள். அவர்கள் ஊர்த் தொழிலே முனகியதும், பெரும்பாலான பொருட்களுக்கு சி.இ.யும் செல்லும் என்று 2023-இல் இறங்கி வந்தார்கள்.

நாமும் யோக்கியமில்லை. பல எஃகு வகைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று தரக் கட்டுப்பாட்டு ஆணைகள் போட்டிருக்கிறோம். வெளிநாட்டு ஆலை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் உரிமம் வாங்காவிட்டால், அது எவ்வளவு நல்ல இரும்பானாலும் துறைமுகத்தில் சிக்கும். அந்தச் சிறப்பு ரகத்தை நம்பியிருக்கும் பட்டறைக்குத்தான் அடி. 2025 நவம்பரில் பாலிமர், செயற்கை இழை மூலப்பொருட்கள் சிலவற்றுக்கான இத்தகைய ஆணைகளை மத்திய அரசே திரும்பப் பெற்றது. உங்கள் சங்கம் டெல்லிக்கு மனு எழுதினால், ‘ஆய்வைக் குறையுங்கள்’ என்று எழுதாதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள். ‘வர்த்தக ஒப்பந்தம் பேசும்போது எங்கள் ஆய்வுச் சான்றை அவர்கள் ஏற்கும்படி பேசுங்கள்’ என்று எழுதுங்கள்.

அதுவரை இரண்டு காரியம் செய்யலாம். மூன்று முத்திரைக்கும் அதிகாரம் பெற்ற ஆய்வு நிறுவனங்கள் உண்டு. ஆர்டர் எடுக்கும்போதே ஒரே நிறுவனத்தை அமர்த்தி, ஒரே ஹைட்ரோ டெஸ்ட்டுக்கு எல்லாக் கையெழுத்தும் கிடைக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அடுத்தது, ஐரோப்பியர் சி.இ. கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். அந்தச் சாமான் எந்தப் பிரிவில் வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். அழுத்தமும் கொள்ளளவும் குறைந்தவற்றுக்கு அழுத்தக் கலன் விதிப்படி சி.இ. முத்திரை போடவே கூடாது. வாங்குகிறவருக்கே இது தெரியாமலிருப்பது சகஜம்.

பின்குறிப்பில் உங்கள் மைத்துனரின் கல்யாணச் சமையல் ஸ்டீம் பாய்லர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொள்ளளவு 25 லிட்டருக்குக் கீழே என்றால் சட்டம் தொடாது; அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குக் கீழே என்றாலும் அப்படியே. இட்லிக்கு அதற்கு மேல் எதற்கு? மேலே போனால் பதிவு செய்யச் சொல்லுங்கள், முகூர்த்த மாதம் தொடங்கும் முன்பே.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்