கோலிக்குண்டு விழும் நேரம்: செல்போனை வைத்து ஓர் ஆய்வக வகுப்பு

கல்லூரி முதலாண்டு இயற்பியல் வகுப்பில் அறுபது பேர் இருந்தால், அநேகமாக எல்லார் பையிலும் செல்போன் இருக்கும். அதை வெளியே எடுக்கச் சொல்லும் முன் ஆசிரியர் ஒன்றை யோசிக்க வேண்டும்: வகுப்பிலேயே விலை குறைந்த போனால் என்ன முடியும்? போனையே ஊசலாகத் தொங்கவிடும் சோதனைக்குக் கைரோஸ்கோப் தேவை. மலிவான போன்கள் பலவற்றில் அது கிடையாது. மைக் இல்லாத போன் கிடையாது. ஆகவே மைக் மட்டும் போதுமான சோதனையில் தொடங்குங்கள். புவியீர்ப்பு முடுக்கம் காண்பது அதற்குத் தோது.

செயலியின் பெயர் ஃபைஃபாக்ஸ். ஜெர்மனியின் ஆகென் நகரப் பல்கலைக்கழகம் உருவாக்கியது, இலவசம், ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடும். அதிலுள்ள ஒலி ஸ்டாப்வாட்ச் முதல் சத்தத்தில் ஓடத் தொடங்கி, இரண்டாவது சத்தத்தில் நிற்கும்.

முந்தைய நாளே துறைத் தலைவரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். நான்கு பேருக்கு ஒரு போன் என்பது விதி. யாரிடம் போன் இல்லை என்று கேட்கவே வேண்டாம். விருப்பமுள்ள பதினைந்து பேர் செயலியை இறக்கிக்கொண்டு வந்தால் போதும். இறக்கிய பிறகு இன்டர்நெட் தேவையில்லை. வகுப்பில் எல்லாப் போனும் ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும். அழைப்பும் வராது, வாட்ஸ்அப்பும் வராது.

இனி அமைப்பு. மேசை விளிம்பில் ஸ்கேலைப் பாதி வெளியே நீட்டி, நுனியில் கோலிக்குண்டை வையுங்கள். நேர் கீழே தரையில் எவர்சில்வர் தட்டு. ஸ்கேலின் மேற்பரப்பிலிருந்து தட்டு வரை உயரத்தை அளந்துகொள்ளுங்கள். கரண்டியால் ஸ்கேலைப் பக்கவாட்டில் சட்டென்று தட்டினால் அது விலகும், குண்டு விழும். தட்டிய சத்தம் கடிகாரத்தைத் தொடங்கும். குண்டு தட்டில் மோதும் சத்தம் நிறுத்தும்.

போனை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுவார்கள். மேசைமேல் வைத்தால் கீழிருந்து வரும் சத்தம் 2 மில்லி விநாடிபோலத் தாமதமாகும். விழும் நேரமே 80 சென்டிமீட்டருக்கு 0.40 விநாடிதான், அந்தத் தாமதம் விடையை ஒரு சதவீதம் குறைத்துவிடும். பாதி உயரத்தில், ஒரு நாற்காலியில் வையுங்கள். இரு சத்தமும் ஒரே தூரம் வரும், பிழை கழிந்துபோகும். ஏன் நாற்காலி என்று மாணவர்களே கேட்கும்வரை நான் காரணம் சொல்ல மாட்டேன்.

ஸ்கேல் கீழே விழும் சத்தமும் கணக்கைக் கெடுக்கும். ஒருவர் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளட்டும். குறைந்தபட்சத் தாமதம் என்ற அமைப்பை 0.2 விநாடி ஆக்கினால், தட்டியதன் அதிர்வும் எதிரொலியும் கடிகாரத்தை நிறுத்தாது. மின்விசிறிச் சத்தத்துக்கே கடிகாரம் ஓடினால், ஒலி வரம்பை ஏற்றுங்கள். அல்லது விசிறியை நிறுத்துங்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை பக்கத்துக் குழு. பதினைந்து குழுவும் ஒரே அறையில் தட்டினால் எந்தப் போனும் தன் குண்டைக் கேட்காது. ஐந்து குழு வராந்தாவில், தள்ளித் தள்ளி. மற்றவர்கள் அதுவரை அட்டவணை வரையட்டும். பிறகு மாற்றுங்கள்.

ஓர் உயரத்துக்கு ஐந்து அளவீடு, சராசரி. மூன்று நான்கு உயரங்களுக்குச் செய்தபின் போன்கள் பைக்குள் போகட்டும். நேரத்தின் வர்க்கத்துக்கு எதிராக உயரத்தை வரைபடத்தாளில் கையாலேயே வரையச் சொல்லுங்கள். சாய்வின் இரு மடங்கே விடை. நேரத்தில் 0.01 விநாடி கூடினால் 9.8 என்பது 9.3 ஆகிவிடும். அப்படி வந்த குழுவைத் திருத்தி எழுத விடாதீர்கள். எந்தச் சத்தம் கடிகாரத்தை ஏமாற்றியது என்று கண்டுபிடித்து நோட்டில் எழுதினால் அதற்கும் மதிப்பெண் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.