வைத்தியசாலைக் கழிவுநீரும் எமது கிணற்று நீரும்

கிழக்குக் கரையோர மணற்பாங்கான ஊர்களில் சில அடிகள் தோண்டினாலே நன்னீர் ஊறுகின்றது. ஆனால் எவ்வளவு இலகுவாக நீர் கிடைக்கின்றதோ, அவ்வளவு இலகுவாக அது மாசடையவும் கூடும். மணலின் இடைவெளிகளூடாக நீர் விரைந்து கீழிறங்கும். மாசுகளைப் பிடித்துவைக்கும் களி அங்கு குறைவு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் மாசுகளுக்கு வழிவிடுகின்றன. எனவே இத்தகைய நிலத்திலுள்ள வைத்தியசாலையின் கழிவுநீர் எங்கே செல்கின்றது என்பது ஊர் முழுவதற்குமுரிய வினாவாகும்.

விடுதிகள், சத்திரசிகிச்சைக்கூடம், ஆய்வுகூடம், சலவைக்கூடம் ஆகியவற்றிலிருந்து வரும் நீரில் நோய்க்கிருமிகளும், தொற்றுநீக்கிகளும், மருந்து மீதிகளும் கலந்திருக்கும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் சிறிதளவில் கலக்கும்போது வலிமை குன்றிய பற்றீரியாக்கள் அழிய, அம்மருந்தைத் தாங்கக்கூடியவை எஞ்சிப் பெருகுகின்றன. இதனால் நோயைக் குணமாக்கிய மருந்தே நாளை பயனற்றுப்போகலாம்.

இந்நீரைப் பரிகரிக்கும் முறை பல படிகளைக் கொண்டது. முதலில் கம்பித் தடுப்புகள் துணி, பஞ்சு போன்ற திண்மங்களை அகற்றும். அடுத்து, சமப்படுத்தும் தொட்டியில் நீர் சேர்க்கப்பட்டு ஒரே சீராக வெளிவிடப்படும். பின்னர் காற்றூட்டும் தொட்டியில் ஒட்சிசனைப் பெறும் நுண்ணங்கிகள் சேதன அழுக்கை உணவாக்கிக்கொள்ளும். அடுத்த தொட்டியில் அவை சேறாக அடியில் படியும். இறுதியாகக் குளோரீன் சேர்க்கப்படும்.

இவ்வொழுங்கு மாறலாகாது. அழுக்கு அகற்றப்படாத நீரில் குளோரீனை இட்டால், அதன் பெரும்பகுதி அழுக்குடன் தாக்கமுற்றுத் தீர்ந்துவிடும், கிருமிகள் தப்பிவிடும். சேற்றிலும் கிருமிகள் இருப்பதால் அதனை வெற்று நிலத்தில் கொட்டலாகாது.

நுண்ணங்கிகள் அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. ஒட்சிசனற்ற தொட்டியில் வேறு பற்றீரியாக்கள் அதனை நைதரசன் வாயுவாக்காவிடின், நைத்திரேற்று நிலத்தடி நீரைச் சேரும். குடிநீரின் ஒரு லீற்றரில் அது 50 மில்லிகிராமை விஞ்சலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். விஞ்சினால், புட்டிப்பால் அருந்தும் பச்சிளங் குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றல் குன்றும்.

எல்லாவற்றையும் ஒரே குழாயில் விடுவதும் தவறு. தைரொயிட் சிகிச்சைக்குப் பயன்படும் கதிர்த்தொழிற்பாடுடைய அயடீன் 131 இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 8 நாட்கள். அது கலந்த நீரைத் தனித் தொட்டியில் 80 நாட்கள் தேக்கிவைத்தால், கதிர்த்தொழிற்பாடு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். ஆய்வுகூட இரசாயனங்களும் காலாவதியான மருந்துகளும் அவ்வாறே தனியாகச் சேகரிக்கப்பட வேண்டும். ஏனெனில் காற்றூட்டலும் குளோரீனும் பல மருந்துகளை முற்றாக அகற்றுவதில்லை.

எமது நாட்டில் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் கழிவுநீர் வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்துகின்றது. எனினும் பரிகரிப்புத் தொகுதியை அமைப்பதுடன் கடமை முடிவதில்லை. காற்றூட்டி ஒரு நாள் நின்றாலும் நுண்ணங்கிகள் இறக்கத் தொடங்கும். நாளாந்தக் கண்காணிப்பே அதன் உயிர்.

மாணவிகளே, எமக்கும் இதில் பங்குண்டு. எஞ்சிய மருந்துகளை மலசலகூடத்தில் கொட்டாதிருப்போம். மாசடைந்த நிலத்தடி நீர் மீண்டும் தூய்மையாவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். நோயைத் தீர்க்கும் இடமே நோயின் ஊற்றாக மாறாதிருக்க, நீர் நிலத்தைத் தொடும் முன்பே அதனைத் தூய்மையாக்குவது அவசியமாகும்.